தைஸ்தோ வார்த்த வெள்ளிக் குண்டு

இடது கையில் காபிக் கோப்பை, வலது கையில் வேட்டைத் துப்பாக்கி. பின்பக்கத் தாழ்ப்பாளை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, குழலின் வழியாக ஒற்றைக் கண்ணால் சன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறார் தைஸ்தோ பிக்கராய்னன். காய்ச்சல்காரப் பிள்ளையின் தொண்டையைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தினமும் காலையில் இது நடக்கும். காபி ஆறிப் போகும்.

"உள்ள என்னமோ உக்காந்திருக்கு," என்பார்.

"தூசியா இருக்கும்," என்பாள் மனைவி ஹெல்வி, அடுப்படியிலிருந்து திரும்பாமலே.

"தூசின்னா துடைச்சா போயிடும். இது துடைச்சுப் போற சமாச்சாரம் இல்ல."

தைஸ்தோவுக்கு அறுபத்திரண்டு வயது. குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிறார். கோடையில் அதே சாலையின் குழிகளை நிரப்புகிறார். வடக்குப் பனி தேசத்தில், காய்னு வட்டாரத்தின் காடுகளுக்குள் முப்பத்தோரு வருடமாக ஓட்டியதில், தான் ஒரு தபால் பெட்டியைக்கூட இடித்ததில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். அந்தச் சாலையில் நேராக நிற்கிற தபால் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். கேட்டால், "பெட்டிய ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்துல நட்டது யாரு? நானா?" என்பார். எதுவும் அவர் தப்பு இல்லை. மீன் கருகினால் சட்டி சரியில்லை. வழி தவறினால் காட்டை வெட்டி அடையாளத்தை மாற்றிவிட்டார்கள். மனிதர் நல்லவர், யார் வண்டி பழுது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், ஆனால் ஒரு குற்றத்தைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டதாக அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் நாலு வருடமாகத் தொடர்ந்து வேட்டையில் மூஸைத் தவறவிடுகிறார். மூஸ் என்றால் அந்தக் காட்டின் பெரிய மான், குதிரையைவிட உயரம். அதைத் தவறவிடத் தனித் திறமை வேண்டும். முதல் வருடம் தொலைநோக்கியில் பனி மூடிவிட்டது. இரண்டாம் வருடம் காபி ரொம்பக் கடுமையாகிக் கை நடுங்கியது, காபி போட்டது ஹெல்வி. மூன்றாம் வருடம் நாய் குரைக்கக் கூடாத நேரத்தில் குரைத்தது. நாலு மணி நேரம் ஓடி அந்த மிருகத்தைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய நாய் அது. தைஸ்தோ சுட்டதும், மூஸ் நிதானமாக நடந்து போனதும், நாய் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை வேட்டைக் குழுவே பார்த்தது. இரண்டு நாள் அவர் வைத்த சோற்றை அது தொடவில்லை.

நாலாம் வருடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் கண்டுபிடித்தார், துப்பாக்கியை யாரோ கெடுத்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் இது தெரிந்த வியாதிதான். பொறாமைக்காரன் ஒருத்தன் துப்பாக்கியைத் தொட்டு ஏதாவது முணுமுணுத்துவிட்டால் போதும், அப்புறம் அது எதற்கும் உதவாது. மரத்தைச் சுடும், மானைச் சுடாது. இதை யாரும் நம்புவதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, தங்கள் துப்பாக்கியைப் பிறர் தொடாத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்வார்கள்.

வைத்தியங்கள் ஆரம்பித்தன. காட்டுச் செடியின் புகை காட்டினார், துப்பாக்கியிலிருந்து ஒரு மாதம் புகைபோட்ட பன்றித்தொடை வாசனை அடித்தது. வடக்கு நோக்கி ஓடும் ஓடையின் தண்ணீரில் குழலைக் கழுவினார். அதுவும் ஆகவில்லை என்றதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியை வாசற்படிக்கு வெளியே தரையில் கிடத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஹெல்வி, இத ஒரு மூணு தடவ தாண்டேன்."

"எதுக்கு?"

"பொம்பள தாண்டினா கெட்டது கழியுமாம். எங்க மாமா சொல்வாரு."

"உங்க மாமா பன்னெண்டு வருஷமா ஒரு முயலக்கூட அடிக்கல. அவரு பொண்டாட்டி என்ன, தாண்டலயா?"

"தாண்ட மாட்டேன்னுட்டாளாம். அதான் விஷயமே."

துணி உலர்த்தப் போய்க்கொண்டிருந்தவள் கூடையை இறக்காமலே மூன்று தடவை தாண்டினாள். மூன்றாம் தடவை முழங்கால் மளுக்கென்றது. "துப்பாக்கி சரியாகுதோ இல்லயோ, என் முட்டி போச்சு," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அடுத்த நாள் தைஸ்தோ பத்துத் தகர டப்பாக்களை வேலிமேல் வைத்துச் சுட்டார். வேலியில் அடி விழுந்தது.

இந்த இடத்தில் ஹெல்வியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லைக் காவல்காரரின் மகள். குறிபார்க்கத் தெரியாதவர்கள் அந்த வீட்டில் பிறக்கவில்லை. அந்த நாட்டில் துப்பாக்கிப் போட்டி, பனிச்சறுக்குப் போட்டி, எதில் ஜெயித்தாலும் பரிசாகக் கொடுப்பது சின்ன வெள்ளி ஸ்பூன்தான், காம்பில் ஊரும் வருடமும் பொறித்து. ஹெல்வியிடம் இருபத்தேழு ஸ்பூன்கள் இருந்தன. அலங்காரமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை, சமையலறை இழுப்பறையில் கத்தியோடும் கரண்டியோடும் புரண்டுகொண்டிருந்தன. விருந்தாளி வந்தால் சர்க்கரை கலக்குவார்கள். தைஸ்தோவிடமும் ஒரு ஸ்பூன் இருந்தது. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டியில் மூன்றாம் பரிசு. அது மட்டும் நீல வெல்வெட் டப்பாவில், வானொலிப் பெட்டிக்கு மேலே.

இவ்வளவு குறிபார்க்கத் தெரிந்தவள் வேட்டைக் குழுவில் என்ன செய்தாள்? பட்டாணிக் கஞ்சி காய்ச்சினாள். இருபது வருடம். அப்புறம் பெரிய மனது பண்ணி நாயைப் பிடிக்கச் சொன்னார்கள். துப்பாக்கியோடு காத்து நிற்கும் இடங்கள் எல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தன, காலி இல்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வசந்தத்தில் வேட்டைக் குடிலில் கூட்டம். குழுத்தலைவர் அஹ்தி, தைஸ்தோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஐஞ்சாம் நம்பர் இடத்துக்குத்தான் மூஸ் அதிகமா வருது. பதினெட்டு வீட்டுக்குக் குளிர்காலக் கறி அந்த இடத்த நம்பித்தான் இருக்கு. போன வருஷம் எல்லாரும் பன்னிக்கறி வாங்கித் தின்னோம். டேய் தைஸ்தோ, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. ஆகஸ்ட்டுல சுடுகளத்துல ஓடுற பலகை மூஸுக்கு நீ மூணு குண்டு சுடணும். அதுல ரெண்டாச்சும் வட்டத்துக்குள்ள விழணும். விழலன்னா ஐஞ்சாம் நம்பர் கை மாறும்."

"யாருக்கு?"

அஹ்தி கூரையைப் பார்த்தார். "ஹெல்விக்கு."

ஹெல்வி ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஐஞ்சாம் நம்பர் தைஸ்தோவின் அப்பா நின்ற இடம். சதுப்பு ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து பாறையே கொஞ்சம் பள்ளமாகிவிட்டது என்று தைஸ்தோ நம்புகிறார். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் கியரைப் படார் படாரென்று மாற்றினார்.

"நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்," என்றார் கடைசியில்.

"வேணும்னு நான் சொல்லலயே."

"வேண்டாம்னும் சொல்லல."

"இல்ல," என்றாள் ஹெல்வி. "சொல்லல."

அந்த ஒரு சொல் அவரைப் போட்டு உலுக்கிவிட்டது. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளுக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லையே என்று நினைத்தார். உடனே, அது நம் தப்பு இல்லை, அவள் சொல்லவில்லை என்றும் நினைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே வைத்தியம், பெரிய வைத்தியம். கெட்டுப்போன துப்பாக்கியின் வழியாக ஒரு வெள்ளிக் குண்டைச் சுட்டுவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஓடிப்போகும். ஈயக் குண்டு வார்ப்பது தைஸ்தோவுக்குப் பழக்கம்தான். நீராவிக் குளியல் குடிலின் அடுப்பில் ஈயத்தை உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி, இருபது வருடமாகச் செய்கிறார். வெள்ளியும் அப்படித்தானே என்று நினைத்தார். நீல வெல்வெட் டப்பாவைத் திறந்தார். ஹெல்வியின் ஸ்பூனைத் தொடக் கூடாது, தன் துப்பாக்கிக்குத் தன் வெள்ளி என்று வீம்பு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குளியல் குடிலுக்குத் துண்டோடு வந்த ஹெல்வி, அங்கே கணவனை வெல்டிங் முகமூடியோடு கண்டாள். அடுப்பு செக்கச் செவேலென்று இருந்தது. ஸ்பூன் அப்படியே இருந்தது, கறுத்துப்போய்.

"உருக மாட்டேங்குது," என்றார். "அடுப்பு சரியில்ல."

பட்டறையிலிருந்து எரிவாயு ஊதுகுழலைக் கொண்டுவந்தார். அதற்கும் அது உருகவில்லை. ஓரத்தில் பச்சையாக ஒரு சுவாலை எழுந்தது, அவ்வளவுதான். ஆறவைத்து ஹெல்வியிடம் கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காம்பின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பாள்.

"தைஸ்தோ. இது ஜெர்மன் சில்வர்."

"ஜெர்மனியிலயும் வெள்ளி வெள்ளிதானே?"

"இதுல வெள்ளியே இல்ல. செம்பும் நிக்கலும்."

அவர் முகமூடியைக் கழற்றவில்லை. முப்பத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாம்பலும் துணியும் வைத்து அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர். "மூணாம் பரிசுன்னா அப்படித்தான் குடுப்பானுங்க," என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.  அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, ஒரு ஸ்பூனுக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஹெல்வி வீட்டுக்குள் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. காம்பு வளைந்த ஒரு ஸ்பூனோடு திரும்பி வந்தாள். ஒரு காலத்தில் தைஸ்தோ பெயிண்ட் டப்பா மூடியை நெம்பி வளைத்த ஸ்பூன்.

"இத வச்சுக்கோ. இது நல்ல வெள்ளி."

"ஹெல்வி, இது நீ ஜெயிச்சது. உருக்கிட்டா திரும்பி வராது."

"இருபத்தாறு இருக்கு. நமக்கு அவ்வளவு விருந்தாளி கிடையாது."

"நான் இத உருக்கறது ஐஞ்சாம் நம்பரக் காப்பாத்திக்க. உனக்குப் போகாம இருக்கறதுக்கு. புரிஞ்சுதான் குடுக்கறியா?"

"புரியாமயா குடுப்பேன்? ஊதுகுழலப் பிடி."

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. தைஸ்தோ பொற்கொல்லர் வைத்திருப்பதுபோன்ற சின்ன உருக்குக் கிண்ணத்தில் வெங்காரப் பொடியைத் தூவி ஸ்பூனை உருக்கினார். கண்ணாடிபோல உருண்டு திரண்ட வெள்ளியைப் பார்த்து இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சில் ஊற்றினார். அச்சின் வாயிலேயே உறைந்து காளான் மாதிரி நின்றது. "அச்சு சரியில்ல," என்றார். மறுபடி உருக்கினார். பாதிக் குண்டு வந்தது, மேலே மடிப்பு மடிப்பாக. மூன்றாவது தடவை வெள்ளி தானே ஒருமுறை துப்பியது, தைஸ்தோவின் புருவத்தில் பாதி போயிற்று. "வெள்ளி சரியில்ல" என்று சொல்ல வாயெடுத்தவர் ஹெல்வியைப் பார்த்துவிட்டு, "காத்து," என்றார். குடிலுக்குள் காற்றே இல்லை.

"அச்சையும் சூடாக்கு," என்றாள் ஹெல்வி. "குளிர்ந்த பாத்திரத்துல ஊத்தினா உறையத்தானே செய்யும்?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

அச்சு சிவக்கும்வரை நெருப்பில் காட்டி ஊற்றினார்கள். அச்சைத் திறந்ததும் மேசைமேல் டங்கென்று விழுந்து உருண்டது ஒரு முழுக் குண்டு. வெள்ளைவெளேரென்று, ஒரு சுருக்கமில்லாமல். தைஸ்தோ குழந்தைபோலக் கைதட்டினார். குளிர்ந்ததும் குழலின் வாயில் வைத்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது. ஈயத்துக்குச் செய்த அச்சு, வெள்ளி கூடுதலாகச் சுருங்கிவிட்டது. ஹெல்வி ரொட்டி சுடும் காகிதத்தில் ஒரு கீற்று வெட்டி வந்தாள். அவர் குண்டைப் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றினாள், இரண்டு சுற்று, பச்சைப்பிள்ளைக்குத் துணி சுற்றுகிற பக்குவத்தோடு. சரியாகப் பொருந்தியது.

ஆகஸ்ட் மாதச் சுடுகளம். கொசு, காபி, நெருப்பில் வாட்டிய தொத்திறைச்சி. எதிரே தண்டவாளத்தின்மேல் ஒட்டுப்பலகையில் வெட்டிய மூஸ் ஒன்று, பொத்தானை அழுத்தினால் இந்தப் புதரிலிருந்து அந்தப் புதருக்கு ஓடும். விலாவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம்.

"முதல்ல ஒண்ணு கணக்குல வராது," என்று அறிவித்தார் தைஸ்தோ. "இது வைத்தியம்."

விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. வைத்தியத்தை நம்பாத பன்னிரண்டு ஆண்பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஹெல்வி மட்டும் நகரவில்லை. தைஸ்தோ சுட்டார். மணல்மேட்டின் உச்சியில் புழுதி கிளம்பியது. மூஸ் ஒரு கீறலில்லாமல் புதருக்குள் போய்ச் சேர்ந்தது.

"படறதுக்கில்ல அது, கழியறதுக்கு," என்றார் தைஸ்தோ பெருமையாக. "இப்பப் பாருங்கடா."

மூன்று குண்டு. முதலாவது மூஸின் காதில். இரண்டாவது தண்டவாளத்தில் பட்டு டிங்கென்றது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"இன்னும் கொஞ்சம் உள்ள மிச்சம் இருக்கு," என்றார் தைஸ்தோ. "ஒரு ஸ்பூன் பத்தல. முழுசாப் போகல."

அஹ்தி தலையைச் சொறிந்தார். "அப்ப அதே துப்பாக்கியால வேற ஆள் சுட்டாலும் படாதில்ல?"

"படாது. யார் சுட்டாலும் படாது. இந்தா ஹெல்வி, நீயே சுட்டுக் காட்டு."

துப்பாக்கியை நீட்டினார். ஹெல்வி கையை நீட்டவில்லை.  இது பட்டுவிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. காற்று இல்லை, நாய் இல்லை, காபி இல்லை. அறுபத்திரண்டு வயதில் அந்த மனுஷன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

"வேண்டாம் தைஸ்தோ," என்றாள் மெதுவாக. "என் துப்பாக்கியில சுட்டுக்கறேன்."

"அட, சுடுன்னா."

வாங்கித் தோளில் சாய்த்தாள். அந்தச் சாய்ப்பிலேயே தைஸ்தோவுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. இருபத்தேழு ஸ்பூன் வாங்கியவள் இப்படி முழங்கையைத் தளர்த்திப் பிடிக்கிறவள் இல்லை. கிட்டே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"ஹெல்வி. வேணும்னே தவற விடாத. வருஷக்கணக்காத் தவற விடறவன் நான். போலி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முழங்கையை இழுத்து ஒடுக்கிக்கொண்டாள்.

மூஸ் ஓடியது. ஒன்று. திரும்பி ஓடியது. இரண்டு. மறுபடியும். மூன்று. அஹ்தி தொலைநோக்கியை வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். வட்டத்தின் நடுவில் மூன்று ஓட்டைகள், உள்ளங்கையை வைத்தால் மூன்றும் மறைந்துபோகும்.

எல்லோரும் தைஸ்தோவைப் பார்த்தார்கள். என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். வெள்ளி வேலை செய்துவிட்டது, தாமதமாகத்தான் செய்தது என்பார் என்று ஒருத்தர் எதிர்பார்த்தார். தைஸ்தோ வாயைத் திறந்தார். மூடினார். தாடையைத் தேய்த்தார்.

"ஐஞ்சாம் நம்பர்ல காலையில வெயில் நேரா கண்ணுல அடிக்கும், ஹெல்வி," என்றார். "விளிம்பு வச்ச தொப்பி போட்டுக்கோ."

ஹெல்வி தலையாட்டினாள். 

அடுத்த ஆள் சுடுவதற்கு முன்னால் பலகையின் ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி மூட வேண்டும். அது அந்தக் களத்தின் விதி. தைஸ்தோ ஒட்டுக் காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு, கேட்காமலே, தண்டவாளத்தை நோக்கி நடந்தார். மூஸின் காதில் இருந்த தன் ஓட்டையின்மேல் ஒரு துண்டை ஒட்டி, ஓரம் தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மூன்றும் மறைந்தன.

"அந்த மூணையும் ஒட்டுடா!" என்று அஹ்தி கொட்டகையிலிருந்து கத்தினார். "அடுத்தவன் சுடணுமில்ல!"

தைஸ்தோ சுருளைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.